ஓரியை விஞ்சிய வள்ளலே

நற்செய்தியே, உன்னைப் புகழ வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அதற்குக் கொல்லிமலையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அடிவாரத்துக் காரவள்ளியில் புறப்பட்ட பஸ் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் முக்கி முனகி ஏறிச் சோளக்காட்டைத் தொடுவதற்குள், நீ மலையில் உள்ள கைபேசிகளில் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடுகிறாய். நோயாளியும் மருந்தும் வளைந்து வளைந்து கடக்கும் தூரத்தை ஒரு வளைவும் வளையாமல் கடப்பது நீ ஒருத்திதான்.

இது வல்வில் ஓரி ஆண்ட மலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான அவன்கூடக் கையில் இருந்ததைத்தான் கொடுத்தான். இன்னும் விளையாததையும் வாரிக் கொடுக்கும் கை உன்னுடையது. அவன் எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தைத் துளைத்தது என்கிறது புறநானூறு. உன் வில் அதனினும் வலிது. 2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு விமானம் பறந்தது. அதன் இரண்டு எஞ்சின்களில் ஒன்றில் மட்டும், அதிலும் கால் பங்கு, காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள். அந்தக் கால் பங்கை வைத்து நீ வானம் முழுவதையும் பசுமையாக்கிக் காட்டினாய்.

காட்டாமணக்கு என்றாலே எனக்கு உன் பழைய கொடை நினைவுக்கு வருகிறது. ஆடு வாய் வைக்காது என்பதால் நம் ஊரில் வேலியோரம் நட்ட செடி அது. 2003 வாக்கில் டீசலுக்கு மாற்று அதுதான் என்று டெல்லியில் திட்டம் போட்டபோது, தரிசு போதும், தண்ணீர் வேண்டாம் என்று நீ ஊர் ஊராக வந்தாய். உன்னை நம்பித் தமிழ்நாட்டு விவசாயிகள் நட்டார்கள். தண்ணீர் பாயாத செடி சொன்னபடி காய்க்கவில்லை. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் ஆய்வாளர்கள் வயல் வயலாகப் போய் அந்தக் குறைந்த விளைச்சலை அளந்து 2010இல் எழுதினார்கள். நடும்போது கூடவே நின்ற நீ, பிடுங்கும்போது அந்தப் பக்கம் வரவே இல்லை. பிறர் துக்கத்துக்குள் எட்டிப் பார்க்காத உன் நாகரிகத்தை எப்படிப் புகழ்வது?

2023 நவம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு முழுக்க மாற்று எரிபொருளிலேயே ஒரு விமானம் போனதையும் ஊரெங்கும் சொன்னாய். அடுத்த ஆண்டு உலக விமானங்கள் எரித்ததில் அந்த எரிபொருள் ஆயிரத்துக்கு மூன்று பங்கு என்று விமான நிறுவனங்களின் சங்கமே கணக்குக் கொடுத்தது. அதைச் சொல்லி எங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க உனக்கு மனம் வரவில்லை.

விமானம் போகட்டும். இந்த மலையில் அதில் ஏறியவர்கள் குறைவு. புற்றுநோய் அப்படியல்ல, அது கேட்காமல் வீட்டுக்குள் வருவது. 2024 ஏப்ரல் 4 அன்று மும்பை ஐஐடியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு நம் நாட்டின் முதல் கார்-டி செல் சிகிச்சையைத் தொடங்கிவைத்தார். நோயாளியின் வெள்ளணுக்களையே எடுத்து, மரபணுவைத் திருத்தி, புற்றை அடையாளம் காணக் கற்பித்து, உடம்புக்குள் திருப்பி அனுப்பும் வித்தை. அதைச் சாதித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வெளிநாட்டில் ஆகும் செலவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அந்தப் பத்தில் ஒன்று அப்போது சுமார் 40 லட்சம் ரூபாய். அதுவும் மற்ற மருந்துகளுக்கு அடங்காத, அல்லது போய்த் திரும்பி வந்த சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கு. இத்தனையையும் நீ ‘புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டது’ என்று மூன்றே சொற்களில் அடக்கினாய். உன் சொற்சிக்கனம் எந்தப் புலவருக்கும் வராது.

இந்த மலையின் செம்மேட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது ஓர் அம்மா கேட்டார்: “மருந்துதான் வந்திருச்சாமே, அது எங்க குடுக்கறாங்க கண்ணு? எங்க நாத்தனாருக்குத் தீட்டு நின்னு அஞ்சு வருசம் ஆச்சு, இப்ப மறுபடி ரத்தம் படுது.” பக்கத்தில் பலாப்பழத்தோடு நின்ற பெரியவர், “வரட்டும், பாக்கலாம்” என்றார். பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிற ஊர் இது. அவருடைய சந்தேகத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்த அம்மாவின் நம்பிக்கைதான் நெஞ்சை அறுத்தது.

நற்செய்தியே, உனக்கு ஒன்று நினைவிருக்கிறதா? திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் பயிற்சி பெற்ற நர்சுகள் பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது நம் வினிகரில் இருப்பதை, தடவிப் பார்த்தார்கள். கெட்டுப்போன இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். புற்றாக மாறுமுன் அங்கேயே சிகிச்சை. சோதனை நடந்த கிராமங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு மற்ற கிராமங்களைவிட 35 சதவீதம் குறைந்தது. 2007இல் லான்செட் இதழ் அதை வெளியிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தொடங்கிய தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் இந்தப் புற்றுக்காக ஒரு முறையாவது சோதித்துக்கொண்ட பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பழையதைப் பார்த்து நேரத்தை வீணாக்காதவள் நீ.

பஸ் வந்துவிட்டது. அந்த அம்மாவிடம், நாத்தனாரை இன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொன்னேன். முப்பது தாண்டிய உங்கள் மகளுக்கும் அரசு ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனை உண்டு, காசு வேண்டாம் என்று ஜன்னலோரம் நின்று சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார்.

“அப்படியா? அது போன்ல வரலியே கண்ணு.”