கேமரா கேட்கும் அறந்தாங்கி

இந்தத் தடவை முழுக்கக் கேமராதான். அறந்தாங்கியிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகள்.

பள்ளி ஆசிரியை, அறந்தாங்கி: என்னிடம் பழைய பாயிண்ட்-அண்ட்-ஷூட் இருக்கிறது. சின்ன மிரர்லெஸ் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அவ்வளவு பணம் கொடுக்க அப்படி என்ன வித்தியாசம்?

சென்சார். உங்கள் பழைய கேமராவில் அது பெரும்பாலும் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர் இருக்கும். ஏறக்குறைய ஒரு துவரம்பருப்பு. சின்ன மிரர்லெஸ்களில் பரவலாக இருக்கிற ஏபிஎஸ்-சி சென்சார் 23.5க்கு 15.6 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் பரப்பளவு 13 மடங்கு. ஆண்டு விழாவில் ராத்திரி ஏழு மணிக்குப் பிள்ளைகள் ஆடும்போது எடுத்த படமெல்லாம் புள்ளி புள்ளியாக, கலங்கலாக வந்திருக்குமே, அதற்குக் காரணம் உங்கள் கை இல்லை டீச்சர், அந்தப் பருப்புதான். இன்னொன்றும் உண்டு. பழைய கேமராவில் பட்டனை அழுத்துவதற்கும் படம் பதிவதற்கும் நடுவில் ஒரு தாமதம் இருக்கும். குதித்த பிள்ளை தரையில் இறங்கிய பிறகே படம் விழும். இதில் குதிக்கும்போதே பிடித்துவிடலாம். வாங்குங்கள்.

கல்லூரி மாணவர், நாகுடி: போனே போதாதா சார்?

பகல் வெளிச்சம், பக்கத்தில் நிற்கிற ஆள், வாட்ஸ்அப்பில் அனுப்பப் படம்: போதும். வாடிவாசல், மண்டபம், கேலரியிலிருந்து தூரத்து முகம்: போதாது. இரண்டாவது வகைப் படம் ஒன்றாவது எடுக்க முடியவில்லையே என்று நீங்கள் ஏங்கியிருந்தால்தான் கேமரா. அந்த ஏக்கம் வரும்வரை பணம் பையிலேயே இருக்கட்டும்.

மருந்துக்கடைக்காரர், அறந்தாங்கி: மிரர்லெஸ்ஸுக்கும் டிஎஸ்எல்ஆருக்கும் என்ன வேறுபாடு? ஸ்டூடியோக்காரர்கள் பெரிய கேமராதானே வைத்திருந்தார்கள்?

டிஎஸ்எல்ஆருக்குள் ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை மேலே திருப்பி உங்கள் கண்ணுக்குக் காட்டும். படம் எடுக்கும் நொடியில் மேலே எழும். அந்தக் கண்ணாடிக்கு இடம் விட வேண்டியிருந்ததால்தான் உடம்பு அவ்வளவு பருமன். கேனனின் பழைய இஎஃப் மவுண்டில் லென்ஸ் பொருந்தும் இடத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி 44 மில்லிமீட்டர். கண்ணாடியை எடுத்துவிட்ட ஆர்எஃப் மவுண்டில் அது 20. சோனியில் 18. மிச்சமான இந்த இடத்தில் ஒரு அடாப்டரைச் செருகினால், மாமா காலத்து ஃபிலிம் கேமரா லென்ஸைக்கூட மாட்டிப் பார்க்கலாம். ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும், அவ்வளவே.

2008ல் பானசோனிக் ஜி1 வந்தபோது பல ஸ்டூடியோக்காரர்கள் இதை விளையாட்டுச் சாமானாகத்தான் பார்த்தார்கள். 2020ல் மிரர்லெஸ் ஏற்றுமதி உலக அளவில் டிஎஸ்எல்ஆரை முந்திவிட்டது. வெள்ளை வேட்டி வெளுத்துப்போகுமா, பட்டுப்புடவை இருண்டுபோகுமா என்பதைப் பட்டனை அழுத்தும் முன்னாலேயே வியூஃபைண்டரில் பார்த்துவிடலாம். பழகுகிறவருக்கு இதைவிடப் பெரிய வாத்தியார் இல்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆவுடையார்கோயில்: எங்கள் ஊர்க் கோயிலின் கொடுங்கையை, அதாவது வளைந்து இறங்கும் கல் கூரை விளிம்பை, படம் எடுக்க ஆசை. எந்த லென்ஸ், எந்த நேரம்?

ஐயா, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை ஒதுக்கலாம். அந்தக் காலத்து ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதும்போது ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்ப்பார்கள் என்று சொல்வார்கள். கருங்கல்லை மரச்சட்டம் போல இழைத்து, சட்டத்தின் மேல் சட்டம் அடுக்கி, ஆணித்தலை உட்பட அத்தனையும் கல்லிலேயே செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் படம் எடுப்பதில் உள்ள சிக்கல் உங்களுக்குத் தெரியாததல்ல: வெளியே வெயில் எரிக்கும், கொடுங்கையின் அடிப்பக்கம் நிழல். ஆட்டோவில் விட்டால் வானம் வெளுத்துப்போகும், இல்லையென்றால் கல் கறுத்துப்போகும்.

நேரத்தைத் தரையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கொடுங்கைக்கு முன்னால் இருக்கிற கல்தளத்தில் வெயில் விழும் நேரம் வரை காத்திருங்கள். தளத்தில் பட்ட வெளிச்சம் எழும்பி மேலே போய், கொடுங்கையின் அடிப்பக்கத்தை மென்மையாகத் தடவும். அப்போதுதான் சட்டங்களுக்கு இடையே உள்ள பள்ளம் தெரியும், ஆணித்தலையின் வட்டத்துக்குக் கீழே மெல்லிய நிழல் விழும். பிளாஷ் வேண்டவே வேண்டாம். முன்னால் இருந்து பாய்கிற வெளிச்சம் அந்த நிழலையெல்லாம் அழித்து, சிற்பி செதுக்கிய ஆழத்தைத் தட்டையாக்கிவிடும்.

லென்ஸ் புதிதாக வேண்டாம். கூடவே வருகிற 16-50 கிட் லென்ஸ் போதும். 16ல் முழு வளைவு, 50ல் ஆணித்தலைகள் மட்டும். இரண்டையும் எடுங்கள், ஆணியின் படம் இல்லாமல் வளைவின் அருமை புரியாது. ரா ஃபார்மட்டில் எடுத்தால் இருட்டில் போன கல்லைப் பின்னால் கம்ப்யூட்டரில் மீட்கலாம். எடுக்கும்போது வானம் வெளுக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வெளுத்துப்போனது திரும்பாது.

கோயில் அலுவலகத்தில் கேட்டுவிட்டு எடுங்கள். ஸ்டாண்ட் வைப்பதென்றால் அதையும் சொல்லிக் கேளுங்கள். கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகு, கருவி எதுவானாலும் முன்கூட்டிக் கேட்பதுதான் மரியாதை. சந்நிதியை நோக்கிக் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

வரலாற்று ஆர்வலர், புதுக்கோட்டை: பழைய காலத்தில் நம் மாவட்டத்தை யாராவது படம் எடுத்திருக்கிறார்களா?

எடுத்திருக்கிறார். கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். 1856ல் மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் என்று சுற்றியவர் புதுக்கோட்டைப் படங்களுக்கென்றே தனித் தொகுப்பு ஒன்றை 1858ல் வெளியிட்டார். அவர் நெகட்டிவ் மெழுகேற்றிய காகிதம். கேமராவும் ரசாயனமும் மாட்டுவண்டியில் வந்தன. இன்று சோனி ஏ6000 பேட்டரியோடும் கிட் லென்ஸோடும் சேர்த்து 460 கிராம்தான். பாரத்தைக் காரணம் காட்டிக் கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போக நமக்கு வழியே இல்லை.

படகு உரிமையாளர், ஜெகதாப்பட்டினம்: கடல்காற்றில் கேமரா எத்தனை நாள் தாங்கும் அண்ணே?

நீங்கள் பார்த்துக்கொள்கிற அளவுக்குத் தாங்கும் தம்பி. படகிலோ கரையிலோ லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள். மிரர்லெஸ்ஸில் லென்ஸை எடுத்தால் பெரும்பாலும் சென்சார் திறந்தபடி நிற்கும். உப்பும் மணலும் நேரே அதில்தான் உட்காரும். மாற்றியே ஆகவேண்டுமென்றால் வீட்டுக்குள், ஆஃப் செய்து, வாயைக் கீழே பார்க்கப் பிடித்து மாற்றுங்கள். கடற்கரையிலிருந்து வந்ததும் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணி.

ஐப்பசி, கார்த்திகையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டுவதுதான் அதற்குத் தீனி. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல் பொட்டலங்கள், சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். அரிசியில் புதைத்து வைக்காதீர்கள், தவிட்டுத் தூசி உள்ளே போகும்.

இல்லத்தரசி, அறந்தாங்கி: மண்டபத்தில் எடுத்த படங்களில் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடு விழுகிறது. கேமரா ரிப்பேரா?

இல்லை. சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து எல்இடி விளக்குகள் பல நம் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு 100 தடவை துடிக்கும். அதுதான் கோடு. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, வேகத்தை 1/50 அல்லது 1/100ல் வையுங்கள். தாலி கட்டும் நேரத்துக்கு ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தால் நாதஸ்வரத்தில் யாருக்கும் கேட்காது.

மாடு வளர்ப்பவர், வன்னியன்விடுதி: ஜல்லிக்கட்டில் என் காளையை எடுக்க என்ன செட்டிங்?

ஷட்டர் 1/1000க்குக் குறையாமல், ஃபோகஸ் ‘தொடர்’ முறையில், வாடிவாசல் திறக்கும் முன்பே விரல் பட்டனில். இங்கேயும் மெக்கானிக்கல் ஷட்டர்தான், எலக்ட்ரானிக்கில் பாயும் காளையின் உடம்பு சாய்ந்து வளைந்து விழும். கிட் லென்ஸ் எட்டாது. 200ஐத் தொடுகிற ஜூம் வேண்டும். தடுப்புக்கு உள்ளே இறங்கி எடுக்க நினைக்காதீர்கள்.

டிடிபி நிலையம் நடத்துபவர், அறந்தாங்கி: எத்தனை மெகாபிக்சல் வேண்டும்?

ஏ4 தாளில் நேர்த்தியாக அச்சிட 9 போதும். கல்யாண ஆல்பத்தின் 12க்கு 18 பக்கத்துக்கு 20. இன்றைய சின்ன மிரர்லெஸ் பலவற்றில் 24 இருக்கிறது. இந்தக் கேள்வி முடிந்துபோன கேள்வி.

தனியார் நிறுவன ஊழியர், கீரமங்கலம்: புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. டிஜிட்டல் கேமராவுக்கான ஜிஎஸ்டியை 28லிருந்து 18 சதவீதமாக 2019 ஜனவரியில் குறைத்தும், புதியது எளிதில் எட்டுவதாக இல்லை என்பது உண்மைதான். ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று நிக்கான் 1, கேனன் இஓஎஸ் எம் வரிசைகளில் கை வைக்காதீர்கள். முதலாவது 2018லும் இரண்டாவது 2023லும் நின்றுபோயின. அடுத்த லென்ஸுக்கு ஊர் ஊராகத் தேட நேரும். லென்ஸ் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் தெரிந்தால் பூஞ்சை. எஃப் 16ல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்குங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால் சென்சாரில் அழுக்கு. அழுக்குக்கு விலையைக் குறைக்கலாம், பூஞ்சை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேர்வாகிவிட்டால் உங்கள் ஊர்ப்பக்கத்துக் குளமங்கலம் அய்யனார் கோயிலுக்கு மாசிமகத்தன்று கொண்டுபோங்கள். அந்தப் பெரிய குதிரை மேல் காகிதப்பூ மாலைகள் குவியக் குவிய, மாலை போடக் காத்திருக்கும் முகங்களை எடுங்கள். குதிரையை எல்லோரும் எடுப்பார்கள்.

முதல் கேள்வி கேட்ட அதே ஆசிரியை: சரி, வாங்கிவிடுகிறேன். கூடுதலாக ஒரே ஒரு லென்ஸ் என்றால்?

35 மில்லிமீட்டர், எஃப் 1.8. பலரும் 50 சொல்வார்கள். நம் வீட்டுக் கூடத்தில் 50ஐ மாட்டினால் சுவரில் முதுகு இடிக்கிற வரை பின்னால் போக வேண்டும். கிட் லென்ஸ் ஜூம் செய்தால் எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும். 1.8 அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் தரும். மேடை, கூடம், மழைநாள் வகுப்பறை எல்லாவற்றுக்கும் இதுதான். ஸ்டாண்டும் பெரிய பையும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். கூடுதல் பேட்டரி ஒன்றை மட்டும் இப்போதே வாங்கிவிடுங்கள். ஒரு சார்ஜுக்கு முந்நூறு, நானூறு படம்தான் வரும், ஆண்டு விழா அதற்குள் முடியாது.