பதினோராவது இலக்கம்

கன்டெய்னர் எண்ணில் பதினோரு இடங்கள். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் சரிதானா என்று பார்க்கும் நிரலோடுதான் என் தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதி போயிருக்கிறது.

2000-களின் தொடக்கத்தில் மாப்பிள்ளையூரணியிலிருந்து சைக்கிள் மிதித்து, தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசுக்கு வேலைக்குப் போனேன். புக்கிங், கேட் பாஸ், டெலிவரி ஆர்டர் என்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கன்டெய்னர் எண் கேட்கும் கட்டம் இருக்கும். "ஒரு நம்பர் மாறிட்டுன்னா பெட்டி கேட்லயே நின்னுரும் தம்பி" என்பார் மூத்த கிளார்க் அண்ணாச்சி. அவர் பயம் நியாயமானது. நின்ற பெட்டிக்கு நாள்வாடகை ஏறும்.

இந்த எண்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6346 சொல்லும் கணக்கு அழகானது. எழுத்துகளுக்கு ஏ என்றால் 10, பி என்றால் 12 என்று, 11-இன் மடங்குகளைத் தாண்டித் தாண்டி மதிப்பு. முதல் இடத்தை 1-ஆல் பெருக்க வேண்டும். அடுத்தடுத்து 2, 4, 8 என்று பத்தாவது இடத்தில் 512. எல்லாவற்றையும் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் சோதனை இலக்கம். மீதி 10 வந்தால் 0. சிஎஸ்கியூயு 305438 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. பெட்டியின் கதவிலும் அந்த 3-தான் எழுதியிருக்கும்.

அப்போது இந்தக் கணக்கை ஒவ்வொரு பக்கத்திலும் வெட்டி ஒட்டுவோம். ஒன்றில் திருத்தினால் மற்றவற்றையும் தேடித் திருத்த வேண்டும். இதற்கு அன்றே ஒரு மாற்று இருந்தது. 1999-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் எச்டிசி என்ற தனிக் கோப்பில் நிரலை வைத்து, வேண்டிய கட்டத்தோடு இணைத்துவிடலாம். அருமையான யோசனை, ஆனால் ஒரே நிறுவனத்தின் பிரவுசருக்குள் மட்டும். 10-ஆம் பதிப்பில் மைக்ரோசாஃப்டே அதைக் கைவிட்டது. அதை நம்பி எழுதியவர்கள் எல்லாவற்றையும் மறுபடி எழுதினார்கள்.

அதே யோசனை இன்று எல்லாப் பிரவுசரிலும் குடியேறிவிட்டது. நாமே பெயர் வைத்துக் குறிச்சொல் உருவாக்க உதவும் கஸ்டம் எலிமென்ட், அதன் உள்ளே இருப்பதை வெளிப்பக்கத்திலிருந்து பிரித்து வைக்கும் ஷேடோ டாம் இரண்டும் 2018-இல் ஃபயர்ஃபாக்ஸ் 63-க்கும், 2020 ஜனவரியில் குரோமியத்துக்கு மாறிய எட்ஜுக்கும் வந்தன. குரோமிலும் சஃபாரியிலும் அதற்கு முன்பே இருந்தன. அவற்றின் மேல் மெல்லிய ஓடு போல உட்காருவது லிட் என்ற சிறு நிரல் நூலகம். கூகுளின் பாலிமர் குழுவிலிருந்து வந்தது. சுருக்கினால் ஏறக்குறைய 5 கிலோபைட். எண் மாறினால் அதைச் சார்ந்த இடத்தை மட்டும் திரையில் புதுப்பிக்கும், மற்றதைத் தொடாது. வெளிப்பக்கத்தின் ஸ்டைல் விதிகள் உள்ளே புகுந்து கட்டத்தைக் குலைப்பதும் இல்லை.

கன்டெய்னர் எண் கட்டத்தை இப்போது லிட்டில் ஒரு குறிச்சொல்லாக எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு இதில் பிடித்தது சுருக்கம் அல்ல, மிஞ்சுவது. நாளைக்கு லிட்டே வேண்டாம் என்றாலும், உள்ளே இருப்பதை மாற்றி எழுதினால் போதும். பக்கங்களில் எழுதிய குறிச்சொல் அப்படியே இருக்கும். வேர்ட்பிரஸ் பக்கத்திலும் அது ஓடும். ரியாக்ட் 19-உம் இத்தகைய குறிச்சொற்களை முழுமையாக ஏற்கிறது. சிறிய ஆபீசுகளில் நிரல் எழுதியவர் இரண்டு வருஷத்தில் சென்னைக்கோ துபாய்க்கோ போய்விடுவார். அடுத்து வருபவருக்கு விட்டுச்செல்ல இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை.

ஒரு கவனம் மட்டும் வேண்டும். ஷேடோ டாமுக்குள் இருக்கும் கட்டத்தின் மதிப்பு, படிவத்தை அனுப்பும்போது தானாகச் சேர்ந்து போகாது. எலிமென்ட் இன்டர்னல்ஸ் என்ற பிரவுசர் வசதி வழியாக நாம்தான் ஒப்படைக்க வேண்டும். சஃபாரி இதை 2023-இல், 16.4 பதிப்பில்தான் ஏற்றது. பழைய ஐஃபோனோடு யார்டில் நிற்கும் சூப்பர்வைசருக்காக இன்றும் ஒரு மறைவுக் கட்டத்தைக் கூடவே வைக்கிறேன்.

போன மாதம், எடை மேடைச் சீட்டுக்குப் பக்கம் தயாரிக்கும் பையன் அந்தக் குறிச்சொல்லை எடுத்துப் போட்டுக்கொண்டான். ஒரே வரியில் வேலை முடிந்தது. "அண்ணே, லாரி நம்பருக்கும் இதே மாதிரி ஒண்ணு பண்ணித் தாங்க" என்றான். லாரி எண்ணில் சோதனை இலக்கம் கிடையாது. மாநிலம், ஆர்டிஓ, வரிசை என்று அமைப்பைத்தான் சரிபார்க்க முடியும். அதையாவது செய்யலாம் என்று ஆரம்பித்திருக்கிறேன்.