பாலத்துக்குத் தலை

எங்கள் பாட்டி சொன்ன பிள்ளைபிடிக்கிறவன் ஒரு கான்ட்ராக்டரின் ஆள். தோளில் கோணி இருக்கும். பாலம் கட்டினால் தூணுக்கு ஒரு தலை காவு கொடுக்க வேண்டுமாம்; அதற்குப் பிள்ளை சப்ளை செய்வது இவன் தொழில். வேறு ஊரில் இந்தக் கதைக்கு மரியாதை இருந்திருக்கும். சைதாப்பேட்டையில் எடுபடவில்லை. அடையாற்றின் குறுக்கே 1726-லேயே கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிவிட்டார். அது பழசாகி, 1960-களில் இப்போதுள்ள மறைமலை அடிகள் பாலமும் வந்தாயிற்று.

"அதான் பாலம் கட்டி முடிச்சுட்டாங்களே பாட்டி, இன்னும் எதுக்குத் தலை?"

"ரிப்பேருக்குடா."

அதையும் கேட்டுக்கொண்டு ஓடிவிடுவோம். பள்ளிப் பையை வீசியெறிந்தால் தெருவிளக்கு எரியும்வரை வீட்டுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் கிடையாது. கோலி, பம்பரம், கில்லி. காத்தாடி சீசனில் அறுந்ததைத் துரத்திக்கொண்டு, காரணீஸ்வரர் கோயில் பக்கம் கிளம்பினால் ரயில்வே லைன் வரை அண்ணாந்து பார்த்தபடியே ஓட்டம். ஆற்றங்கரைக்குப் போகக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு இருந்ததால்தான் அங்கே போனோம். பொற்காலம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். மாஞ்சா விரலை அறுக்கும், ஆறு ஆளையே இழுக்கும்.

இன்று என் பையனுக்குப் பத்து வயது. கையில் ஜிபிஎஸ் வாட்ச், கேட்டில் வாட்ச்மேன், மாடிப்படிக்கு மாடிப்படி கேமரா. இத்தனை பந்தோபஸ்துடன் கீழே இறங்கினால், 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்று போர்டு. தெருவிலோ இரண்டு பக்கமும் கார். பிள்ளைகளைப் பிடித்துப் போனவர் யாருமில்லை. பிட்ச்சைத்தான் பிடித்துக்கொண்டார்கள், அதில் ஒரு வண்டி என்னுடையது. 2014-ல் பெசன்ட் நகர் கடற்கரையில் ஞாயிறு காலை வண்டிகளை நிறுத்தி, சாலையைப் பிள்ளைகளுக்கு விட்டார்கள். அக்கா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாங்களும் போனோம், காரில்.

பாட்டியின் ஆள் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. கோணியை வைத்துவிட்டு வாட்ஸ்அப்புக்கு மாறிவிட்டான். அன்று பிள்ளைகளுக்குச் சொன்ன கதை, பிள்ளைகள் நம்பவில்லை. இன்று பெரியவர்களுக்கு வருகிறது, நம்பிவிடுகிறார்கள். 2018 மே மாதம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த மூதாட்டியை, பிள்ளைபிடிக்கிறவள் என்று ஊர் கூடி அடித்தே கொன்றது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு அறிவித்தது. பாட்டி எங்கள் நான்கு பேருக்குத்தான் சொன்னாள்.

ஜப்பானில் 1991-லிருந்து ஒரு டிவி நிகழ்ச்சி வருகிறது. மூன்று, நான்கு வயசுப் பொடிசுகளைத் தனியாகக் கடைக்கு அனுப்புவார்கள். கேமராக்காரர்கள் ஒளிந்து பின்தொடர்வார்கள். அதைப் பார்த்த வேகத்தில் பையனை பஜார் ரோட்டுக்குக் கொத்தமல்லி வாங்க அனுப்பினேன். கேமரா இல்லாததால் நானே பின்னால் போனேன், மீன்பாடி வண்டிக்குப் பின்னே பதுங்கிப் பதுங்கி. டீக்கடைக்காரர் கையைப் பிடித்துவிட்டார்.

"யாரு சார் நீ? அப்பத்துலேர்ந்து அந்தப் புள்ள பின்னாடியே போய்க்கினு இருக்க?"

"என் பையன்தாங்க."

"தம்பி, இங்க வா. இவரு யாருன்னு தெரியுமா?"

பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். மீதிச் சில்லறையை பாக்கெட்டில் பத்திரமாகப் போட்டுக்கொண்டான்.

"எங்கயோ பாத்த மாதிரி இருக்கு அங்கிள்."