ஈடு யார் கைக்கு வரும்?

கேள்வி: ஒரு திட்டம் நாட்டுக்கு நல்லது என்று பொருளாதார அறிஞர்கள் கணக்குப் போடும்போது, பழவேற்காட்டு மீனவருக்கு அதில் இடமுண்டா?
– வாசகர், அனுப்பம்பட்டு

பதில்: இடமுண்டு, காசுக்குத்தான் உத்தரவாதம் இல்லை! 1939-இல் நிக்கோலஸ் கால்டோரும் ஜான் ஹிக்ஸும் வகுத்த அளவுகோல் இது: லாபம் அடைந்தவர்கள் நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு கொடுத்தாலும் மிச்சம் இருக்கும் என்றால் திட்டம் திறனுள்ளது. ஈட்டைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று அது கேட்பதில்லை. ஊருக்கே போதுமான சோறு வெந்துவிட்டது என்பதால் ஊரே சாப்பிட்டதாகிவிடுமா?

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக்க முன்வைக்கப்பட்ட திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு வருமானத்தை ரூபாயில் எண்ணிவிடலாம். முகத்துவாரம் வழியாகப் பழவேற்காடு ஏரிக்குள் வந்து வளரும் இறால் குஞ்சு பாதிக்கப்பட்டால், அதற்குச் சந்தை விலை ஏது? விலையில்லாதது கணக்கிலிருந்து எளிதில் நழுவிவிடும்.

நியாயம் என்பது தனிக் கேள்வி: யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? உங்கள் ஏரியின் பாடு முறை அதை முதலிலேயே கேட்கிறது. அதில் நல்ல மீன்பிடி இடம் மீனவர்களிடையே முறை வைத்துச் சுற்றி வருகிறது. (பாடு முறையில் சேராதவர்களுக்கு இடமில்லை என்ற குறை அதிலும் உண்டு, அது தீர வேண்டும்.) ஈடு யாருக்கு, எவ்வளவு, எப்போது? கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.