வித்தைக்காரர் முன்னால் வித்தை

மேஜிக் செய்பவரைப் பார்த்து ஊரே வாய் பிளக்கும். அது போதாது என்று தோன்றும்போதுதான் அவர் போட்டிக்குப் பெயர் கொடுக்கிறார். அங்கே நடுவர்களும் அதே தொழில்காரர்கள்தான். கோட்டின் தையலைப் பார்த்தே புறா எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஏமாற மாட்டோம் என்று உட்கார்ந்திருப்பவர்களை ஏமாற்றத்தான் வருடக்கணக்கில் ஒத்திகை, கைக்காசு, விமான டிக்கெட் எல்லாம்.

1948-ல் உருவான ஃபிஸ்ம் என்ற சர்வதேச மேஜிக் கூட்டமைப்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை உலகப் போட்டி நடத்துகிறது. 2025-ல் இத்தாலியின் டுரின் நகரில் நடந்தது. மேடைப் பிரிவில் நிகழ்ச்சி 5 நிமிடத்துக்குக் குறையவும் கூடாது, 10 நிமிடத்தைத் தாண்டவும் கூடாது. ஆளை இரண்டாக அறுக்கலாம், தவறில்லை. கடிகாரத்தை மீறுவதுதான் குற்றம். கைத்திறன், புதுமை ஆகியவற்றோடு 'மாயச் சூழல்' என்பதற்கும் மதிப்பெண் உண்டு. மாயத்தையும் கணக்குப் பாடம்போலத் திருத்துகிற மகானுபாவர்கள்!

லாபமே இல்லையா? உண்டு. பட்டம் கிடைத்தால் வெளிநாட்டு மேடைகள் அழைக்கும், கூலியும் ஏறும். தோற்றாலும் அந்தப் பத்து நிமிடம் பட்டை தீட்டினதுபோல் ஆகிவிடும். ஆனால் பிறந்தநாள் விழாவில் அதைக் காட்டினால் குழந்தைகள், "முயல் எங்கே அங்கிள்?" என்றுதான் கேட்கும்.

பெயர் கொடுக்கத் துடிப்பவர்களே, மந்திரக்கோல் இருக்கட்டும். முதலில் ஒரு ஸ்டாப்வாட்ச் வாங்குங்கள்.