பல்லிக்கு அடித்த யோகம்

அமெரிக்காவில் சிறுத்தைப் பல்லி வளர்ப்போரின் தியாக உணர்வை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா என வறண்ட பாறை இடுக்குகளில் சும்மா கிடந்த பிராணிக்குக் கண்ணாடித் தொட்டியில் தனி மாளிகை. ஒரு மூலையில் 32 டிகிரி சூடு, எதிர்மூலையில் இதமான குளுமை. தோலுரிக்க ஈரப்பாசி விரித்த தனியறை. சூடு கூடிவிடாமல் காவலுக்குத் தெர்மோஸ்டாட். வீட்டுக்காரர் மட்டும் மின்கட்டணத்துக்குப் பயந்து ஸ்வெட்டரோடு திரிகிறார்.

சாப்பாடு? உயிருள்ள சிள்வண்டு, கால்சியம் பொடியில் புரட்டியது. அந்தச் சிள்வண்டும் சத்தாக இருக்க வேண்டுமே! முந்தின நாளே அதற்குக் கேரட்டும் கீரையும் விருந்து. வீட்டுப் பிள்ளைகள் தட்டில் ஒதுக்கிய அதே கேரட்.

பகலெல்லாம் பல்லி உறங்கும். அந்தியில் எழுந்து, மற்ற பல பல்லிகளுக்கு வாய்க்காத கண்ணிமையை மெல்ல மூடித் திறக்கும். கொழுப்புச் சேர்ந்த தடித்த வாலை ஆட்டி ஒரு சிள்வண்டைக் கவ்வும். நிகழ்ச்சி முடிந்தது. இப்படியே 15, 20 ஆண்டுகள்.

இயற்கை தந்த மஞ்சள் போதவில்லை என்று, ‘லெமன் ஃப்ராஸ்ட்’ என்ற பளபளப்பான ரகத்தைப் பெருக்கினார்கள். 2021இல் வெளியான ஆய்வு, இந்த ரகத்தில் 80 சதவீதத்துக்கும் மேலானவற்றுக்குத் தோலில் புற்றுக்கட்டி வருவதைச் சொன்னது. நிறத்துக்குக் காரணமான மரபணு மாற்றமே கட்டிக்கும் காரணம். மனிதரின் தோல் புற்றுநோயை ஆராய இது உதவும் என்றும் ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

அழகுக்கு அழகு, ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி. நாய் வளர்ப்போர் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?