இளகும் மூளை

கேள்வி: வயதாக ஆக என் மூளை இறுகிக்கொண்டே போகிறதாம். மனைவி சொல்கிறாள். உண்மையா?

பதில்: இல்லை. வயது ஏற ஏற மூளை இளகத்தான் செய்கிறது. அல்சைமர் வந்தால் இன்னும் அதிகமாக. (இறுகுவது பிடிவாதம், அதற்குக் கருவி கிடையாது.) இந்த இளக்கத்தை மண்டையைத் திறக்காமலே அளக்கிறார்கள். தலைக்கடியில் நொடிக்குச் சுமார் 60 தடவை அதிரும் தலையணை, சுற்றிலும் எம்.ஆர்.ஐ. கெட்டியான இடத்தில் அதிர்வலை வேகமாக ஓடும், கொழகொழப்பான இடத்தில் நிதானமாக. கணக்குப் போட்டால் மூளையின் விறைப்பு 2, 3 கிலோபாஸ்கல் வரும். அதே மூளைத் திசுவை வெளியே எடுத்து மெதுவாக அமுக்கினால் அளவு குறைந்துவிடும். அவசரக்காரரிடம் விறைப்பு, பொறுமைசாலியிடம் இளக்கம்! இந்த அதிர்வு முறையை அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு 1995-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டது. கட்டுரையின் முதல் பெயர், ஆர். முத்துப்பிள்ளை.